மாமா செய்த சுத்தம்

மருமகள் குளித்துவிட்டு வருவதற்குள் மாமனார் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துவிட்டார். கிடங்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷர். வருஷக்கணக்கில் யாரும் தொடாத சாமானைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தால் அப்படிப்பட்ட ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன! விடுவாரா? "நிச்சயமா அழிக்கணுமா?" என்று அது கேட்கக் கேட்க, "ஆமா, ஆமா" என்று தட்டித் தள்ளினார். குப்பைக்கூடையையும் காலி செய்தார். அதோடு திரை இருண்டது. அணைத்துப் போட்டாலும் இருட்டுதான்.

"ஐயோ மாமா, என்ன பண்ணீங்க?"

"மெதுவா ஓடுதுன்னு தினமும் திட்டினியே அம்மாடி. கொஞ்சம் பாரத்தைக் குறைச்சேன்."

வருஷக்கணக்காக முதலாளியின் பேரில் கட்டடம் கட்டடமாக வரைந்துகொடுத்தவள், முதன்முதலாகத் தன் சொந்தப் பேரில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தை வரைந்திருந்தாள். அது அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. இன்று ஐந்து மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாக வேண்டும். நகல் எடுக்கலாம், எடுக்கலாம் என்று தள்ளிப்போட்ட தன் புத்தியையும் சேர்த்து நொந்துகொண்டாள்.

நல்லவேளை, கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கும் பென்டிரைவ் இழுப்பறையில் கிடந்தது. செருகியதும் திரைக்கு உயிர் வந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம், அல்லது கெட்டதை மட்டும் சரிசெய்யலாம் என்று இரண்டு வழி காட்டியது.

"புதுசாவே போட்டுடேன்மா!"

"போட்டா என் படமும் சேர்ந்து போயிடும்! கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க மாமா!" போட்டாளே ஓர் அதட்டல்! அவர் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டார்.

திரையில் விரிந்த கறுப்புக் கட்டத்தில், கெட்டதை மட்டும் சரிசெய்யச் சொல்லும் கட்டளையைத் தட்டினாள். கெட்டது எது, காணாமல் போனது எது என்று ஒவ்வொன்றாகத் தேடி, பென்டிரைவிலிருந்து நல்லதை எடுத்து அதனதன் இடத்தில் வைக்கும் வேலை ஆரம்பித்தது. பத்து சதவீதம். நாற்பது. எழுபது. எழுபதில் சண்டித்தனம் பண்ணிக்கொண்டு நின்றுவிட்டது. அவள் நகத்தைக் கடித்தாள்.

"நகருடா ராசா, நகரு" என்று மாமனார் திரையைப் பார்த்துக் கெஞ்சினார்.

எழுபத்தொன்று!

"ஏறுது அம்மாடி, ஏறுது!" கட்டிய கை எப்போதோ அவிழ்ந்துவிட்டது. எண்பது, தொண்ணூறு, நூறு! கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். பழைய திரை பளிச்சென்று வந்து நிற்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வரைபடத்தைத் திறந்தாள். சுவர், படிக்கட்டு, ஜன்னல் எல்லாம் அப்படியே இருந்தன. ஐந்து அடிக்கச் சில நிமிஷமே பாக்கி. அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதிலும் வந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை முட்டியது.

மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். கீழ் மூலையில் வரைந்தவர் பெயர் இருந்தது. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவளை அம்மாடி என்றே கூப்பிட்டுப் பழகியவர், அந்தப் பெயரை எழுத்துக் கூட்டுவது போல நிதானமாக, வாய்விட்டுப் படித்தார்.

"இன்னொரு தடவை படிங்க மாமா" என்றாள்.