பெட்டி பின்னால் போகாது

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. கற்பனை வளம் என்று யாரும் பாராட்டிவிட வேண்டாம்.

நாங்கள் ஏழு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் என்று எதையாவது குடைந்துகொண்டிருப்போம். ஒரு தகரப் பெட்டி நிறைய உதிரிபாகங்கள் தபாலில் எங்களைச் சுற்றிவரும். வேண்டியதை எடு, மிஞ்சியதைப் போடு, உள்ளே இருக்கும் தாளில் எழுது. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. ஏழிலிருந்து மறுபடி ஒன்று. பெட்டி பின்னால் மட்டும் போகாது. நான் நான்காவது.

2

முதல் தொடக்கம்: "சோவென்று மழை கொட்டிக்கொண்டிருந்தபோது தபால்காரர்..." (மழையே இல்லை. அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: "மூன்றாவது ஆளான பல் டாக்டர் ஒரு பக்கா ஏமாற்றுக்காரர்." இதை எவ்வளவு ஆனந்தமாக எழுதினேன் தெரியுமா! வில்லன் கிடைத்துவிட்டால் கதை தானாக ஓடும்.

3

அவர் போட்டிருந்த நாற்பது டயோடுகளும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றியிருந்தன.* மின்சாரம் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றிலும் மீட்டர் ஒயரை வைத்துப் பார்த்தேன். எதற்கும் முள் அசையவில்லை. நாற்பதும் செத்தவை என்று ஒரு டப்பாவில் ஒதுக்கினேன். தாளில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "மூன்றாவது ஆள் குப்பையைப் போடுகிறார். நாற்பதில் ஒன்றுக்குக்கூட மீட்டர் முள் அசையவில்லை. ஜாக்கிரதை."

(* கிளினிக் பஞ்சு. அதை வைத்து நான் அடித்த ஜோக் ஒன்று இந்த இடத்தில் இருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை.)

பெட்டி கிளம்பியது. ஐந்தாமவர் "அப்படியா!" என்று எழுதினார். ஆறாமவர் "எனக்கும் சந்தேகம்தான்" என்றார். எல்லோரும் படித்து முடித்த பிறகுதான் அது டாக்டர் கைக்குப் போனது. அடுத்து என்னிடம் வந்தது.

4

தாளின் பெயர்ப் பட்டியலில் தன் பெயரை ஸ்கேல் வைத்து அடித்திருந்தார். கீழே ஒரே வரி: "இனி இரண்டிலிருந்து நேரே நான்குக்கு அனுப்பிக்கொள்ளவும்." பெட்டியில் அவர் போட்டிருந்தது ஒரே பொருள். பஞ்சில் சுற்றிய புது மீட்டர் ஒயர், சிவப்பு நிறம். "நான்காமவருக்கு" என்று சீட்டு ஒட்டியிருந்தது.

மாட்டிப் பார்த்தேன். டப்பாவில் இருந்த நாற்பதும் குத்துக்கல் மாதிரி உயிரோடிருந்தன. என் பழைய ஒயர்தான் உறைக்குள்ளேயே அறுந்து கிடந்திருக்கிறது. அதை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

பக்கத்தில் துணி தைத்துக்கொண்டிருந்த என் மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"நாப்பதும் ஒண்ணா சாகுமாங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"சரி விடு. இப்ப என்ன பண்றது?"

"கதை எழுதறேன்னு உக்காந்திருக்கீங்களே, அதுல மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எங்கயாவது இருக்கா?"

தேடினேன். இல்லை.

5

முடிவு அ: டாக்டர் வாய்விட்டுச் சிரித்தபடி திரும்பிவந்தார். (எழுதியவனுக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு ஆ: டாக்டர் திரும்பவே இல்லை. அந்தச் சிவப்பு ஒயரைத் தொடும்போதெல்லாம் நான்... (மனைவி படித்துவிட்டு, "அய்ய, அழுமூஞ்சி" என்றாள்.)

ஆகவே வாசகரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவரிடம் பேச வேண்டும்.

டாக்டர், பெட்டி முதல் தடவையாகப் பின்னால் வருகிறது. தப்பு என்னுடையது. எல்லோர் முன்னாலும் உங்களை அவமானப்படுத்தினேன், மன்னித்துவிடுங்கள். இந்தக் கதையும் பெட்டிக்குள் இருக்கிறது, எல்லோரும் படிக்கட்டும். புதுத் தாளில் பெயர்ப் பட்டியல் எழுதியிருக்கிறேன். மூன்று என்ற எண்ணுக்கு எதிரே மட்டும் காலி.

பேனாவைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.