கட்டிலுக்குக் கீழே கரை

ஜம்புலிங்கம் தட்டிவிட்ட தம்ளர் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி வார்டுத் தரையில் உருண்டு, பக்கத்துக் கட்டிலின் காலில் முட்டி நின்றது. விசாலாட்சி குனிந்து எடுத்தாள். அங்கே உட்கார்ந்திருந்த வங்காளிப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கணவருக்கு நிமோனியாக் காய்ச்சல். நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக்கூட அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் நேற்றிலிருந்து மனுஷன் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கட்டியவளையே யாரென்று கேட்கிறார். அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்று கொழுந்தன் சொக்கலிங்கம் காதோடு சொல்லிவிட்டுப் போனான். தன்னைத் தெரியாமலே போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"பைத்தியம்னு யாரும்மா சொன்னது?" என்றாள் நர்ஸ் மல்லிகா. "காய்ச்சல் முத்தினா புத்தி தடுமாறும். இந்த வார்டுல நாலு பேர்ல ஒருத்தர் இப்படித்தான். வீட்டுக்காரங்க வெட்கப்பட்டு மறைச்சிடறாங்க. நீங்க பக்கத்துலயே இருந்து பேசிட்டிருங்க."

விசாலாட்சி மறுபடி தம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"வேணாம்மா. குடிச்சா வாந்தி வரும். போர்ட் பிளேர் வரட்டும்."

விசாலாட்சிக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணமான புதிதில் மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்தபோதும் இப்படித்தான் கம்பியைப் பிடித்திருந்தார். கரை தெரியும்வரை தண்ணீர் தொடவில்லை.

"வந்தாச்சுங்க."

"எங்க வந்துச்சு? ஆடுதே."

அவளும் மல்லிகாவுமாக அவரைத் தாங்கி உட்காரவைத்து, பாதங்களைச் சிமெண்டுத் தரையில் இறக்கினார்கள். கால்விரல்களால் அழுத்திப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கம்பியை விட்டுவிட்டுத் தம்ளருக்குக் கை நீட்டினார்.

அவர் தூங்கி எழுந்தபோது சாயங்கால வெயில் கட்டில்மேல் கிடந்தது.

"விசாலம், சாப்பிட்டியா?"

"உங்களை வச்சுக்கிட்டு எங்க சாப்பிடறது? கப்பல்லயும் பட்டினிதான் போட்டீங்க."

"யாரு, நீயா? ஊறுகாய் ஜாடியைக் காலி பண்ணினவ."

மறுநாள் மதியம், புரோத்ராபூர் வீட்டுக் கோழிகளைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேட்டபடியே அவர் மூச்சு அடங்கியது.

சொக்கலிங்கம் வண்டி பார்க்கப் போனான். விசாலாட்சி போர்வையை மடித்தாள். தம்ளரைக் கழுவினாள்.

பக்கத்துக் கட்டில்காரர் காலையிலிருந்து வார்டுக்குள் இல்லாத மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, அந்த வங்காளிப் பெண், சுற்றிலும் பார்த்துக்கொண்டே அவருடைய வாயைக் கையால் பொத்தினாள்.

விசாலாட்சி எழுந்து போய் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"பாகல் நஹி, தீதி," என்றாள், தனக்குத் தெரிந்த இந்தியில். "புகார் ஹை." பைத்தியமில்லை அக்கா, காய்ச்சல்தான்.

தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, வண்டி வரும்வரை அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.