கோடு ஏன் இறங்கியது

ஆட்டுத் தொடையைக் கட்டையில் போட்டு இரண்டாகப் பிளந்துவிட்டு, சின்னவன் ரத்தக் கையோடு பென்சிலை எடுத்தான். தராசுக்குப் பக்கத்தில் பயிற்சித் தாள் கிடந்தது. முப்பது வருடங்களில் ஒரு நாட்டு மக்கள் எந்த இறைச்சியை எவ்வளவு தின்றார்கள் என்று அதில் ஒரு வரைபடம். கோழியின் கோடு விறுவிறுவென்று மேலே போகிறது, ஆட்டின் கோடு படுத்தேவிட்டது. இருபது நிமிடத்தில், நூற்றைம்பது வார்த்தையில், இதை இங்கிலீஷில் விவரிக்க வேண்டும். வெளிநாடு போகிறவர்களுக்கான இங்கிலீஷ் தேர்வில் பேச்சு, கேட்பு, படிப்பு எல்லாம் தேறிவிட்டான். இந்தப் பாழாய்ப்போன கோட்டில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வினான். எழுத்தில் ஆறு வாங்கினால் வெளிநாட்டில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை தயார். ஐந்தரையைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பயிற்சி வகுப்பு டீச்சர் அவனைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண். அவன் தாளை விரல் நுனியால் தூக்கிப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “அண்ணா, கோடு என்ன பண்ணுதுன்னு மட்டும் எழுதுங்க. ஏன் பண்ணுதுன்னு உங்கள யாரும் கேக்கல.”

கேட்காவிட்டால் என்ன, அவனுக்குத்தான் தெரியுமே! எதிர்ச்சாரியில் நிற்கிறானே கூடப்பிறந்தவன், அவனால் இறங்கியது. அப்பா இருந்தவரை ஒரே கடை, ஒரே கட்டை. தெருவே பெரியவன், சின்னவன் என்றுதான் இருவரையும் கூப்பிடும். அப்பா போன மறுமாதமே பெரியவன் தெருவைத் தாண்டிப்போய்க் கோழிக்கடை போட்டான். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவனைப் பார்த்து ஒருவன் காறித் துப்புவது மட்டும் தவறாமல் நடந்தது. இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதப்போய்த்தான் அந்த ஐந்தரை.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. தினமும் இருபது கிலோ வாங்குகிற ஹோட்டல் சமையல்காரர் வந்து, இனி வேண்டாம் என்றார். துருவித் துருவிக் கேட்டதில் கக்கிவிட்டார். சின்னவன் செத்த ஆட்டை அறுக்கிறான் என்று பெரியவன் சொன்னானாம்.

சின்னவன் தெருவைத் தாண்டினான். வெட்டப் போகவில்லை என்று பிற்பாடு தலையில் அடித்துச் சொன்னான். நானும் நம்புகிறேன். காலையிலிருந்து கத்தி பிடித்தவனுக்குக் கையில் கத்தி இருப்பதே தெரியாது. ஆனால் வருகிறவன் கையில் கத்தி இருப்பது பெரியவனுக்கு நன்றாகத் தெரிந்தது. இறகு பிடுங்கக் கோழியை முக்கும் கொதிநீரை ஒரு கிண்ணம் மொண்டு நேரே முகத்தில் வீசினான். சின்னவனின் இடது கன்னம் அப்படியே வெந்துபோனது. கண் தெரியாமல் முட்டிக்கொண்டு பாய்ந்தான். இருவரும் கூண்டுகளின் மேல் விழுந்தார்கள். கம்பி பிய்ந்து, கோழிகள் அவர்கள் முதுகில் மிதித்துக்கொண்டு பறந்தன. பெரியவன் அவன் தலைமயிரைப் பிடித்துச் சிமெண்ட் மேடையில் மோதினான். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கழுத்தை நெரித்தான். மூச்சு அடைத்தபோது சின்னவனின் கை தன் வேலையைப் பார்த்தது.

அதுதான் கொடுமை. தெரியாத கையாக இருந்தால் எலும்பில் தட்டித் திரும்பியிருக்கும். இது இருபது வருடம் தொடை கழற்றிய கை. பெரியவனின் தோள் மூட்டில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள வழியைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்து, பிடிவரைக்கும் உள்ளே போனது. ஆட்டிறைச்சிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று சின்னவனுக்கு உள்ளங்கையில் தெரிந்தது. அந்த நிமிடமே தான் செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தான்.

ஆஸ்பத்திரியில் பெரியவனின் தோளில் இருபத்து மூன்று தையல். அண்ணி செருப்பைக் கழற்றி, வெந்த கன்னத்திலேயே இரண்டு போட்டாள். அவன் தடுக்கவில்லை. போலீஸ்காரர் நோட்டை விரித்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். வழக்கு என்று ஒன்று பதிவானால் சின்னவனுக்கு நன்னடத்தைச் சான்று கிடைக்காது, விசாவும் கிடையாது. அது பெரியவனுக்கும் தெரியும். சின்னவன் சுவரோரம் நின்று அவன் வாயையே பார்த்தான்.

“கத்தி வழுக்கிச்சு. தோள்ல இறங்கிச்சு. ரத்தம் வந்துச்சு” என்றான் பெரியவன்.

பகை என்று தெருவே சொல்கிறதே, ஏன் குத்தினான் என்று போலீஸ்காரர் விடாமல் கேட்டார்.

“ஏன்னு எனக்குத் தெரியாது. நடந்தத சொல்லிட்டேன்.”

போலீஸ்காரர் சலித்துப்போய் எழுந்து போனார். சின்னவன் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். மூன்று வருடம் கழித்து “அண்ணே” என்று ஒரு வார்த்தை வந்தது.

“கால விடுடா” என்றான் பெரியவன். குரல் உயரவே இல்லை. “பாவம் பாத்து சொல்லல. கேஸ் ஆச்சுன்னா நீ இங்கயேதான் கெடப்ப, என் கண்ணு முன்னாடி. தோள் ஆறுன அன்னிக்கு உன்ன வெட்டிருவேன். சத்தியமா வெட்டிருவேன். எம்புள்ளைங்களுக்கு அப்பன் வேணும். சனிக்கிழம ஒழுங்கா எழுதிட்டுப் போயிடு.”

சனிக்கிழமை தேர்வு வாசலில், அடையாள அட்டையில் இருந்த முகத்தையும் எதிரே நின்ற தோலுரிந்த முகத்தையும் கண்காணிப்பாளர் மூன்று முறை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். சின்னவன் தாளைத் திருப்பினான். இரண்டு ஊர்களின் மக்கள்தொகை, இரண்டு கோடுகள். இரண்டும் ஒரே புள்ளியில் கிளம்பி, கொஞ்ச தூரம் ஒட்டியே நடந்து, பிறகு பிரிந்து ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போயின. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன என்று இங்கிலீஷில் எழுதினான். பிழையில்லாத வாக்கியம். அடுத்து, பிரிகின்றன என்று எழுத வேண்டும். கை நகரவில்லை.

பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று கண்காணிப்பாளர் அறிவித்தார். அறை முழுக்கப் பென்சில்கள் ஓடிக்கொண்டிருந்தன. சின்னவன், கோடுகள் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் பென்சில் முனையை ஊன்றி அழுத்திக்கொண்டே இருந்தான். தாள் கிழிந்து, கீழே மேஜைப் பலகை தெரிந்தது.