அரை ஸ்பூன் உப்பு

நான் உயிரியல் வாத்தியார். செல் சவ்வு பற்றிப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூச்சு விடாமல் பேசுவேன். 1983 ஆடியில் என் சொந்த மகள் வற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு எதற்கும் உதவவில்லை.

பூமாரிக்கு நாலு வயது. விடியற்காலையில் ஆரம்பித்த வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. மறுநாள் கோமதியம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழா என்பதால் ஊர் கொள்ளாத ஜனம். எங்கள் டாக்டர் புளியங்குடிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவோம் என்று கார் தேடிக் கிளம்பினேன். போகும்போது மனைவி ஆவுடையம்மாளிடம், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் சர்க்கரை ஆறு ஸ்பூன், உப்பு அரை ஸ்பூன் தலைதட்டிப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இரு என்றேன். தலையை ஆட்டினாள்.

கார் கிடைக்கவில்லை. மத்தியானம் திரும்பினால் பிள்ளைக்குக் கண் குழிவிழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. இரண்டாவது சொம்பு பாதி தீர்ந்திருந்தது. வாங்கி ஒரு மடக்கு குடித்தேன். வெறும் இனிப்பு. அடியில் மண்.

எந்த நோய்க்கும் மருந்தென்று கரைத்துக் குடிக்கும் கோயில் புற்றுமண். உப்புக்குப் பதிலாக அதைப் போட்டிருக்கிறாள்.

இவளுக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இவள் பிறந்ததும் ஆவுடை கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளைக்கு ஐந்து வயது முடியும்வரை, தபசுக்குக் கொடியேறினால் திருவிழா முடியும் மட்டும் தாயும் மகளும் உப்பைத் தொடுவதில்லை. அந்த நாட்களில் எங்கள் உப்பு ஜாடி பக்கத்து வீட்டு மகபூப் பீவியின் அடுப்படியில் இருக்கும். பத்து நாளாக நானும் உப்பில்லாச் சோற்றைத்தான் முனகிக்கொண்டே தின்கிறேன். அப்படியும் உப்பு போடு என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேனே, என் மண்டையில் என்னதான் இருந்தது?

"நாளைக்குத் தபசு முடிஞ்சிரும். ஒரு நாள் பொறுங்க. இப்பத் தொட்டா ஆத்தா இவளையும் எடுத்துக்கிடுவா" என்றாள்.

"ஏட்டி, ஒரு நாள் இவ தாங்க மாட்டா."

கத்தினேன். குடலின் ஒவ்வொரு செல்லிலும் சின்னச் சின்னக் கதவு இருக்கிறது, அது சர்க்கரைக்குத் தனியாகத் திறக்காது, உப்பும் கூட வந்தால்தான் இரண்டையும் சேர்த்து உள்ளே விடும், அதன் பின்னாலேதான் தண்ணீரும் போகும், நீ ஊற்றியதெல்லாம் வாசலில் நின்றுவிட்டு, உள்ளே இருந்த தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகிறது என்று கத்தினேன். வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை அடிக்கவேண்டும்போல இருந்தது. காலில் விழவேண்டும்போலவும் இருந்தது.

ஓடிப்போய் ஜாடியை வாங்கிவந்தேன். அப்போது பூமாரி அழுதாள். சத்தம் வரவில்லை, முகம் மட்டும் கோணியது. ஆவுடை அவள் கண்ணைத் துடைத்தாள். விரலில் ஈரமே இல்லை. அந்த விரலை வெகுநேரம் பார்த்தாள்.

"போட்டா உள்ள போயிருமா?"

"போகும்."

நான் ஸ்பூனை ஜாடிக்குள் விட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போடாதீங்க. நேந்தது நான். நாந்தான் போடணும்."

புதிதாகக் கரைத்த தண்ணீரில் அரை ஸ்பூன் தலைதட்டிப் போட்டாள். முதல் மடக்கை அவளே குடித்தாள். கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "பாத்துக்கோ ஆத்தா. குத்தம் என்னுது. எடுக்கணும்னா என்னைய எடு" என்றாள்.

வாய்க்கு ஒரு ஸ்பூனாக ஊற்றினோம். கக்கினாள், மறுபடி ஊற்றினோம். பொழுது சாயும்போது பிள்ளை ஒன்றுக்குப் போய்ப் பாயை நனைத்தாள்; உடம்பில் தண்ணீர் தங்கிவிட்டது. அந்த ஈரத்தில் கையை வைத்துக்கொண்டு நான் வெட்கமில்லாமல் அழுதேன். கொஞ்ச நேரத்தில் சோறு கேட்டாள்.

ஆவுடை அழவில்லை. சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டிக்கொண்டே பேசினாள். கையில கட்டி இல்லாமப் பிசையணும், இல்லன்னா துப்பிருவா. தலைக்கு ஊத்தினா காதுல பஞ்சு வைக்கணும். தூக்கத்துல பயந்தா விளக்கப் போடாதீங்க, முதுகத் தடவினாப் போதும்.

இதையெல்லாம் எதுக்கு எங்கிட்டச் சொல்லுதே என்று கேட்க வாயெடுத்தேன். அவள் எழுந்துபோய், பிள்ளையின் கவுன்களை அலமாரியில் தன் சேலைகள் இருக்கும் மேல்தட்டிலிருந்து எடுத்து, என் சட்டைகள் இருக்கும் தட்டுக்கு மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.