ஏழாவது படம்

பிஎச்டிக்கு ரெண்டு இடத்துல அப்ளிகேஷன் போட்டிருந்தேன். ரெண்டுமே சினிமா, புகைப்படக் கலைதான். முதல் இடத்துல எழுத்து மட்டும். அடுத்தவங்க எடுத்த படங்களைப் பத்திப் படிச்சு, முந்நூறு பக்கம் எழுதி, மூக்குக்கண்ணாடி பவரை ஏத்திக்கிட்டு வெளிய வரலாம். ரெண்டாவது இடத்துல நாமளே படம் எடுக்கணும், அதுதான் ஆராய்ச்சியில பாதி. பத்து வருஷமா காலேஜ்ல பிள்ளைங்களுக்கு லென்ஸ் மாட்டச் சொல்லிக்குடுத்தே தொண்டைத் தண்ணி வத்திப்போனவளுக்கு எது வேணும்னு கேக்கவா வேணும்? ரெண்டாவதுதான். வெறின்னே வெச்சுக்கோங்க.

அதுக்குப் பன்னெண்டு படம் கேட்டாங்க. அம்மா இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்த ஒரு வருஷத்தை, லீவுக்கு வீட்டுக்கு வந்தப்போ எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். பதினொண்ணு தேறிச்சு. வெளிச்சம் சரி, கோணம் சரி, உயிர்தான் இல்ல. எல்லாத்துலயும் அம்மா டாக்டருக்குக் காத்திருக்கிறவ மாதிரியே உக்காந்திருந்தா.

இன்னொண்ணுக்காக மெமரி கார்டைத் துழாவினப்போ அது கிடைச்சுது. குளிச்சு முடிச்சு, துண்டைச் சுத்திக்கிட்டு, தலை பாதி ஈரமா, அம்மா கேமராவைப் பாத்து அடிக்கக் கை ஓங்கிக்கிட்டே சிரிக்கிறா. படம் லேசா ஆடியிருந்துச்சு, தலைக்கு மேல தேவையில்லாம ஒரு முழம் சுவரு. ஆனா கண்ணை எடுக்க முடியல.

அதை நான் எடுக்கல. தங்கச்சி எடுத்தது. வீட்டுலயே துணி தைச்சுக்கிட்டு அம்மாவைப் பாத்துக்கறவ அவதான். அன்னைக்கு ஒரு கையால அம்மா தலையைத் துவட்டிக்கிட்டே, மேஜை மேல இருந்த என் கேமராவை மறு கையால தூக்கி, "இங்க பாரும்மா, உனக்கு மாப்பிள்ளை பாக்கப் போட்டோ அனுப்பணும்"னா. க்ளிக். நான் பக்கத்துலதான் நின்னு துணி மடிச்சுக்கிட்டிருந்தேன்.

இப்பக் கூத்தைக் கேளுங்க. என் கேமராவுல என் பேரைப் பதிஞ்சு வெச்சிருக்கேன். தொலைஞ்சா அடையாளத்துக்குன்னு இந்தத் தொழில்ல நிறையப் பேர் செய்யறதுதான். யாரு பட்டனை அழுத்தினாலும், 'எடுத்தவர்'னு என் பேரு படத்துக்குள்ள தானா ஏறிடும். கம்ப்யூட்டர்ல திறந்து பாத்தேன். எடுத்தவர், சாட்சாத் நான். மெஷினே சத்தியம் பண்ணும்போது நான் எதுக்கு மறுக்கணும்? கேமரா என்னோடது, லென்ஸ் என்னோடது, செட்டிங் வெச்சது நான்னு மனசு வக்கீல் மாதிரி வாதாடிச்சு. ஏழாவதா அதைச் சொருகினேன். 'அனைத்தும் என் சொந்தப் படைப்பே'ங்கற கட்டத்துல டிக் அடிச்சேன். அதே கையோட அனுப்பியும் விட்டேன், அதான் கேவலம்.

நேர்காணல் வீடியோவுல. அப்பவும் லீவுல வந்திருந்ததால வீட்டு ஹால்லதான் லேப்டாப்பை வெச்சிருந்தேன். மூணு பேராசிரியருங்க. என் பதினொரு படத்தையும் கடகடன்னு தாண்டிட்டாங்க, ஏழாவதுல நின்னுட்டாங்க. எனக்கு கைடா வரப்போற மேடம் கேட்டாங்க, "உங்களை எவ்வளவு நம்பிப் பாக்கறாங்க! அந்த நேரத்துல அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. நானும் வாயைத் திறந்தேன். "உனக்கு மாப்பிள்ளை பாக்கப் போட்டோ அனுப்பணும்னு கிண்டல் பண்ணேன் மேடம்."

மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. படத்தைத் திருடினது பத்தாதுன்னு அவ கிண்டலையும் திருடிட்டேன். பக்கத்து ரூம்ல ஓடிக்கிட்டிருந்த தையல் மெஷின் நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுதான் திரும்ப ஓடிச்சு.

ரெண்டு இடத்துலயும் சேத்துக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணைத் தேர்ந்தெடுத்துச் சொல்லணும். ரெண்டாவது இடத்துக் கடிதத்துல, ஏழாவது படத்துல இருக்கிற பார்வையைத்தான் என் ஆராய்ச்சிக்கே மையமா வெச்சுக்கணும்னு எழுதியிருந்தாங்க. அந்தப் படம் இல்லேன்னா நான் அங்க யாருமே இல்ல.

சரி, அதே மாதிரி ஒண்ணு நானே எடுத்துட்டா பொய்யில பாதியாவது மெய்யாகுமேன்னு ஒரு நப்பாசை. ஞாயித்துக்கிழமை தங்கச்சியை நகரச் சொல்லிட்டு நானே அம்மாவைக் குளிப்பாட்டினேன். துவட்டிக்கிட்டே கேமராவைத் தூக்கி அதே கிண்டலைச் சொன்னேன். அம்மா துண்டை இழுத்து மூடிக்கிட்டா, முதுகை நிமித்தினா. "எந்தப் பக்கம் பாக்கணும்மா? சரியா இருக்கேனா?"ன்னு விருந்தாளிகிட்ட கேக்கற மாதிரி கேட்டா. நான் கேமராவை இறக்கி வெச்சுட்டேன்.

அந்தப் படத்தைப் பத்தித் தங்கச்சி ஒரு வார்த்தை கேக்கல. "எந்த இடத்துக்குக்கா போகப்போற?"ன்னா. "தெரியலடி"ன்னேன். "படம் எடுக்கறதுக்கே போயேன், உனக்கு அதுதானே ஆசை"ன்னு சொல்லிட்டு நூலைக் கோக்க ஆரம்பிச்சா. ரெண்டு திட்டு திட்டியிருந்தா நான் நாலு திட்டியிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும், மன்னிப்புக் கேக்கத்தான் தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா கூப்பிட்டா. "பெரியவளே, கதவைச் சாத்திட்டு வா."

சாத்திட்டுப் போய்க் கட்டில்ல உக்காந்தேன்.

"அந்த காலேஜ்காரங்க நம்ம வீட்டுக்கு விசாரிக்க வருவாங்களா?"

"எதுக்கும்மா?"

"அந்தப் போட்டோவைப் பத்தித்தான். அன்னைக்கு நீ ஹால்ல பேசினது இங்கயும் கேட்டுச்சு. வந்தா, நீதான் எடுத்தேன்னு சொல்லிடறேன். சின்னவகிட்ட அன்னைக்கே சொல்லி வெச்சுட்டேன், மூச்சு விடாதேன்னு. கொஞ்சம் அழுதா. அப்புறம் சரின்னுட்டா." என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "எனக்குத்தான் இப்பல்லாம் மறந்து மறந்து போகுது. கேட்டா என்னென்ன சொல்லணும்னு ஒரு தடவை சொல்லிக்குடு."

நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்னு சும்மாவா சொன்னாங்க. எழுபத்திரண்டு வயசு மனுஷி, படுக்கையில கிடந்துக்கிட்டு, என் திருட்டுக்குப் பாடம் படிக்கத் தயாரா இருக்கா.

"அம்மா, அதை நான் எடுக்கலம்மா."

"தெரியும்டி"ன்னா. "அதனாலதானே சொல்லிக்குடுன்னு கேக்கறேன்."

அந்தக் கட்டில்ல உக்காந்தே லேப்டாப்பைத் திறந்தேன். ரெண்டாவது இடத்துக்கு நாலே வரி. ஏழாவது படம் என் தங்கச்சி எடுத்தது, நேர்காணல்ல நான் சொன்னது பொய், எனக்கு அந்த இடம் வேண்டாம். முதல் இடத்துக்கு ஒரு வரி, வரேன்னு. ரெண்டையும் அனுப்ப அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

பக்கத்து ரூமுக்கு எந்திரிச்சுப் போகத்தான் சாயங்காலம் ஆச்சு. வாசப்படியில என்னைப் பாத்ததும் தங்கச்சி பதறி எந்திரிச்சா.

"அம்மாவுக்கு எதாவது வேணுமாக்கா?"

அவ ரூமுக்கு நான் வேற எதுக்காகவும் வந்ததே இல்ல. "இல்லடி"ன்னேன். உள்ள போய் அவ மெஷினுக்கு எதிர்ல உக்காந்தேன். அவ மறுபடி உக்காந்து, நான் பேசற வரைக்கும் காத்திருந்தா.