கரைச் சரி

படகில் உட்கார்ந்திருப்பவர் யாரும் தாமாக 'சரி' என்று சொல்லக் கூடாது. அந்தக் குடும்பத்தில் முதல் விதி அது. லைஃப் ஜாக்கெட் போடுவதுகூட இரண்டாவதுதான்.

படகு கயிற்றால் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு. காலில் பலகையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் மிதப்பவர், கயிறு இறுகியதும் ஒரு வார்த்தை கத்த வேண்டும். அதைக் கேட்டுத்தான் படகு பாயும். மற்றக் குடும்பங்கள் 'போ' என்றார்கள், 'இழு' என்றார்கள். இந்த வீட்டில், மகளை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கிவிட்டு "ரெடியா?" என்று கேட்டபோது அந்தக் குட்டி வாய் "சரி" என்றது. அதுவே நிலைத்துவிட்டது. கரையில் அந்த வார்த்தைக்கு ஆயிரம் பொருள். தண்ணீரில் ஒன்றே ஒன்று.

கரையில் அதை அதிகம் சொன்னவள் அம்மாதான். ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி என்றால் சரி. குளியலறை முழுக்க ஈர ரப்பர் உடை தொங்கினாலும் சரி. பாத்திரம் கழுவும் சோப்பு, பலகையின் காலுறைக்குள் கால் வழுக்கிப் போவதற்காக ஏரிக்குப் போய்விட்டது என்றால், அதுவும் சரி. அவள் புருஷனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அவருக்குப் 'பாக்கலாம்' இருந்தது. வேண்டும் என்பதற்கும் பாக்கலாம், வேண்டாம் என்பதற்கும் பாக்கலாம். ஏசி மெக்கானிக். ஆட்கள் வெயிலில் வெந்துகொண்டு போன் செய்தாலும் பாக்கலாம்தான்.

அன்று காலை அவள் இடது கையைச் சட்டைக்குள் விட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், பிறகு நல்ல கையை. டாக்டர் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு அதுவும் வேலைக்கு ஆகவில்லை. மகள் வந்து சட்டையை வாங்கி மாட்டிவிட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லப்போறியா இல்லையா?"

"இன்னிக்குச் சொல்லிடுவேன்."

"போன வாரமும் இதேதான் சொன்ன."

"போன வாரம் உன் சித்தப்பா வந்துட்டான்."

"இன்னிக்கும் வருவார். அவரு எங்க போகப்போறாரு?"

அந்தத் தோள் இரண்டு முறை கழன்றிருந்தது. மூன்றாவது முறை கழன்றால் கத்திதான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குக் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. தேய்க்கும் சக்கரத்தின் முன் இரண்டு கையும் ஆடாமல் நிற்க வேண்டும். சென்ற வாரம் ஒரு கிழவரின் லென்ஸ் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. முதலாளி குனிந்து எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஆனால் குடும்பக் கோப்பைக்கு ஒரே வீட்டில் மூன்று பேர் வேண்டும். மூவரும் தனித்தனியே மிதவைகளை வளைந்து கடந்து எடுக்கும் புள்ளிகளைக் கூட்டித்தான் பரிசு. முதுகுத்தண்டில் தட்டு விலகிய நாளிலிருந்து புருஷன் படகு மட்டும் ஓட்டினார். மிச்சம் மகள், கொழுந்தன், அவள். மகள் ஆறு மிதவையையும் கடந்து, இன்னும் கடினமாகட்டும் என்று கயிற்றைக் குறைத்துக் கட்டச் சொல்லி, மறுபடி ஆறையும் கடப்பாள். கொழுந்தன் அதில் பாதி. அவள் மூன்று மிதவை தாண்டினால் பெரிது. ஒப்புக்குச் சப்பாணி. ஆனாலும் சப்பாணி இல்லாமல் ஆட்டம் இல்லை.

கொழுந்தன் வந்து டீ கேட்டான். முன்பு ஒருமுறை பலகையிலிருந்து விழுந்த வேகத்தில் தண்ணீர் அறைந்து அவனுடைய இடது காதின் சவ்வு கிழிந்திருந்தது. தைத்தார்கள், கேட்கும் சக்தி பாதிதான் திரும்பியது. மகள் அவனை 'அரைக்காது' என்பாள்.

"அண்ணி, மூஞ்சி ஏன் வாடியிருக்கு? அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"உங்கண்ணன் என்னிக்குப் பேசியிருக்காரு?"

"அதுவும் சரிதான். அவருக்கும் சேத்து நீங்க பேசிடுறீங்க."

"காதுதான் போச்சு. வாய் போகலயே உனக்கு."

புருஷன் அதற்குள் வெளியே போய் வண்டியில் பலகைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் பின்னாலேயே போனாள். "என்னங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அங்க போய்ப் பாக்கலாம்" என்று வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டார். வீட்டில் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. எதையாவது திருக, எதற்காவது எண்ணெய் போட ஒரு காரணம் இருக்கும். ஓர் இடத்தில் அசையாமல் அவர் உட்காரும் நாற்காலி ஒன்றுதான் உண்டு, படகோட்டியின் நாற்காலி.

அதனால்தான் தண்ணீரில் சொல்வதென்று முடிவு செய்தாள்.

ஏரி என்று சொன்னாலும் அது கல் வெட்டி எடுத்த பெரும்பள்ளம். நீளமாக, காற்றுப்படாமல், கறுத்த தண்ணீரோடு கிடக்கும். கரையில் தகரக் கொட்டகை. அதில் கயிறுகள், மாற்றுக் கைப்பிடிகள், கிழிந்த கையுறைகள், யாரோ விட்டுப்போன ஒரு ஊன்றுகோல். முதலில் மகள் பலகையில் ஓடினாள். ஒவ்வொரு மிதவையிலும் அவள் சாயும்போது தண்ணீர் சுவர்போல் எழுந்து விழுந்தது. புருஷன் படகின் கண்ணாடியில் அதைப் பார்க்கும்போது அவர் முகம் கொஞ்சம் இளகும். அதைப் பார்ப்பதற்காகவே இத்தனை வருஷமும் போயிற்றோ என்று அவளுக்குத் தோன்றும். அந்த நினைப்பே ஒரு அலுப்பு.

மகள் கரையேறினாள். அம்மா இறங்கினாள். சோப்புத் தடவிக் காலை உறைக்குள் திணித்தாள். தண்ணீர் உடைக்குள் புகுந்து முதுகு சிலிர்த்தது. படகு மெல்ல நகர்ந்து கயிறு நீண்டது. கொழுந்தன் படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். விழுந்தால் கொடி காட்டுவதும், தண்ணீரிலிருந்து வருகிற வார்த்தையை ஓட்டுபவருக்குச் சொல்வதும் அவன் வேலை.

கயிறு இறுகியது. அவள் வார்த்தையைச் சொல்லவில்லை.

"அண்ணி?"

"அவருகிட்ட சொல்லு. இன்னிக்கோட எனக்குப் போதும்."

"என்னது?"

"போதும்! நான் நிறுத்திக்கிறேன்!"

கொழுந்தன் நல்ல காதைத் திருப்பினான். பிறகு முன்னால் திரும்பினான். "அண்ணா, அண்ணி நிறுத்திக்கிறாங்களாம்."

"எதை?"

"எதை அண்ணி?"

"எல்லாத்தையும்! தோள் தாங்கல. கடையில லென்ஸ் பிடிக்க முடியல."

"தோள் வலிக்குதாம்ணா."

"யாருக்குத்தான் வலிக்கல? என் முதுகு என்ன பஞ்சு மெத்தையா?"

"அவருக்கு முதுகு வலிக்குதாம் அண்ணி."

"அது எனக்குத் தெரியாதா? தைலம் தேய்க்கிறது யாரு?"

இதை அவன் முன்னால் கடத்தவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவன் முணுமுணுத்தது உதட்டில் தெரிந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கரையில் மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

புருஷன் தலையை மட்டும் பாதி திருப்பினார். "இந்த ஒரு கோப்பை. அப்புறம் பாக்கலாம்னு சொல்லு."

"இந்த ஒண்ணு மட்டுமாம் அண்ணி. அப்புறம் பாக்கலாமாம்."

போன வருஷமும் ஒன்று மட்டும்தான். அதற்கு முந்தைய வருஷமும். தண்ணீரில் மிதந்தபடி அவள் அவருடைய முதுகைப் பார்த்தாள். அந்த முதுகோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. சுற்றிலும் தண்ணீர், தொண்டையில் ஒரு சொட்டு இல்லை. வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, ஈயை விரட்டுவதுபோல் வீசினாள். வீட்டில் எந்தப் பேச்சையும் எப்படி முடிப்பாளோ அப்படியே முடித்தாள்.

"சரி, விடுங்க."

முதல் வார்த்தை அரைக்காதுக்கு எட்டியது. இரண்டாவது எட்டவில்லை. "சரி!" என்று அவன் திரும்பிக் கத்தினான். பேச்சின் பொருள் புருஷனின் தலைக்குப் போவதற்கு முன் கை, வேகம் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளிவிட்டது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். படகோட்டின கையும் அப்படித்தான்.

விடுங்க என்று சொன்னவளும் விடவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகு நினைக்க நினைக்க ஆறவில்லை. கைப்பிடியில் இருந்தது இடது கை மட்டும். விட்டிருந்தால் கயிறு தனியே ஓடியிருக்கும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் விரல்கள் இறுகின, முழங்கால் மடங்கியது, உடம்பு எழுந்தது. ஒரு நொடி ஒற்றைக் கையோடு தண்ணீருக்கு மேல் நின்றேவிட்டாள். பிறகு உள்ளே ஏதோ நழுவியது. சத்தமே இல்லை. ஜன்னல் கொக்கி கழன்றதுபோல் இருந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்து ரப்பர் உடையைக் கழுத்திலிருந்து வெட்டினாள். புருஷன் முகத்தைச் சுளித்தார்.

"தோள் கழண்டப்போ இப்படிச் சுளிக்கல," என்றாள் மகள்.

"சும்மா இரு."

"பாத்தேன்ப்பா. உடையை வெட்டினதும்தான் சுளிச்சீங்க."

"அவ கத்துனது எனக்குக் கேக்கவே இல்ல. உங்க சித்தப்பன் சரின்னான். நான் இழுத்தேன்."

"அண்ணி சொன்னாங்கண்ணா. என் காதால கேட்டேன்."

"எந்தக் காதால?" என்றாள் மகள்.

புருஷன் மனைவியிடம் திரும்பினார். "நீ சரின்னியா இல்லியா?"

"சொன்னேன். ஆனா அது வீட்ல சொல்ற சரி."

"வீட்ல சொல்றதுன்னா?"

"கரைச் சரிங்க. சண்டை வேணாம், என்னமோ பண்ணிக்குங்கன்னு சொல்ற சரி. இத்தனை வருஷமா நான் சொன்னது எல்லாம் அதுதான்."

ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனால் மூன்று பேருக்கும் நன்றாகவே கேட்டது, அரைக்காது உட்பட.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கத்திதான் என்றார். தைத்துவிட்டால் ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும், லென்ஸும் தேய்க்கலாம், வேண்டுமென்றால் தண்ணீரிலும் இறங்கலாம் என்றார். நல்ல செய்தி சொன்ன திருப்தியோடு போனார்.

கொழுந்தன் டீ வாங்கி வரப் போனான். மகளும் கூடப் போனாள். படியிறங்கும்போது, இனி இழுக்கும் வார்த்தையை மாற்றியாக வேண்டும் என்று அவள் சொல்வது கேட்டது. "என்ன வச்சுக்கலாம்?" "உங்களுக்குக் கேக்கிற மாதிரி ஏதாவது, சித்தப்பா. தப்பட்டை அடிக்கலாம்."

புருஷன் கட்டிலருகே நின்றார். திருக ஒன்றும் இல்லை. கட்டிலின் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசம்தானாம்," என்றார்.

அவள் கூரையைப் பார்த்தாள். அவள் மறுபடி தண்ணீரில் இறங்க டாக்டர் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இந்த இடத்தில் அவள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. எவ்வளவு சுலபமான வார்த்தை. சொல்லிவிட்டுத் தூங்கலாம்.

"நான் இனிமே இறங்கலங்க," என்றாள். "கை சரியானாலும் இறங்கல. வலிக்குதுன்னு இல்ல. எனக்கு அலுத்துப்போச்சு."

"மூணு பேர் வேணுமே."

"தெரியும்."

"குடும்பக் கோப்பை போயிடும்."

"போகட்டும். உங்க பொண்ணு தனியா ஓடுவா. படகுல பின்னாடி பாத்து உட்கார நான் வரேன். எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். வலது கையை மடக்கி நீட்டினார், அது இன்னும் எதையோ தள்ளிக்கொண்டிருப்பதுபோல. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"பாக்க..." என்று தொடங்கினார். பாதியில் நின்றார்.

"சரி," என்றார்.

அவளுடைய நல்ல கை, அவளைக் கேட்காமலே, கட்டிலின் இரும்புக் கம்பியை இறுகப் பிடித்தது. முழங்கால் போர்வைக்குள் மடங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

எதுவும் இழுக்கவில்லை. கம்பி கொஞ்சம் குளிர்ந்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.