அம்மாவுக்குப் பக்கத்தில்

"அங்க இல்லீங்க மாதண்ணா, இன்னுங் கொஞ்சம் மேக்கால வெட்டுங்க!" என்று முள்ளுக்குள் நின்றபடி கத்தினாள் வசந்தாமணி. பக்கத்துத் தோட்டத்து மாதையன் கொடுவாளை வீசினார். முறிந்த கிளை அவர் தோளையே கீறிக்கொண்டு விழுந்தது.

சாவு வீட்டுப் பெண் ஏரியோரத்து இடுகாட்டில் வந்து நிற்பது அந்த ஊரில் வழக்கமில்லை. ஆனால் அவளுடைய அம்மா குப்பாயியைப் புதைத்த இடம் முள் மண்டி மறைந்துபோய், இப்போது அப்பாவோடு வந்து போன அவள் ஒருத்திக்குத்தான் சரியாகத் தெரியும். தெரிந்த இன்னொருவரை வாசலில் கட்டிலில் கிடத்தித் தாடையைக் கட்டியிருந்தார்கள். "உங்கம்மா பக்கத்துலயே என்னயும் போட்டுருங்க சாமி" என்று நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் மகளிடம் சொன்னதுதான் அப்பா நாச்சிமுத்துவின் கடைசிப் பேச்சு.

சித்தப்பா சின்னண்ணன் வெயிலை அண்ணாந்து பார்த்தார். "நேரமாவுது அம்மிணி. ராசிபுரத்துச் சனமெல்லாம் வந்து காத்துக் கெடக்குது. ரோட்டோரமா வெட்டிப் போட்டுட்டுப் போலாம். எங்க போட்டாலும் மண்ணுதான."

"உங்களுக்கு மண்ணுதானுங்க சித்தப்பா. அப்பாவுக்கு அப்படி இல்லீங்க."

குப்பாயி செத்தபோது வசந்தாமணி சின்னப் பிள்ளை. புதைத்த ஈரம் காயுமுன்னே ஆடுகள் குழிமேட்டில் ஏறி மிதித்தன. நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் கேட்டு வாங்கிவந்த வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல விதையைச் சுற்றிலும் ஊன்றி, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வேறு வளர்த்தார். பாழாய்ப்போன பாசம்! ஆடுகள் உள்ளே போகவில்லைதான். வெளியே நின்று காயைத் தின்றுவிட்டு, ஏரி முழுக்கப் புழுக்கையோடு விதைத்துவிட்டுப் போயின.

அடுப்புக்கு விறகாயிற்று என்று முதலில் ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வாய்க்கால் முள்ளால் அடைபட்டு, பெய்த மழையும் ஏரிக்கு வராமல் கிணறுகள் வற்றத் தொடங்கியதும் அதே ஊர் கரித்துக் கொட்டியது. அவர் கொடுவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெட்டினார், வெட்ட வெட்டத் துளிர்த்தது. வேரோடு தோண்டினால்தான் சாகும் என்று புரிந்தபோது அவருக்குத் தள்ளாமை வந்துவிட்டது. அப்படியும் மகளைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போவார். ஒரு மரத்தைப் பிடுங்கிவிட்டால் அன்றைக்குக் களி ஓர் உருண்டை கூடுதலாக இறங்கும்.

"அம்மிணி, கல்லு!" என்றார் மாதையன்.

தலைமாட்டுக் கல்தான். ஒரு தடித்த வேர் அதை ஒரு பக்கமாக நெம்பிச் சாய்த்திருந்தது. வசந்தாமணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். கடப்பாறைக்கு வேர்தான் அதிகம் அகப்பட்டது. குழிக்குள்ளிருந்து மாதையனின் தலை மட்டும் தெரிந்தது.

"உங்கம்மாளுக்கு வெட்டறப்ப இடுப்பாழத்துலயே தண்ணி ஊறிருச்சு அம்மிணி. எறைச்சுப்போட்டுத்தான் எறக்குனோம்."

இப்போது அள்ளிப் போட்ட மண் புழுதியாகப் பறந்தது.

பொழுது சாய நாச்சிமுத்துவைத் தூக்கி வந்தார்கள். மற்றப் பெண்கள் பாதி வழியில் நின்றுகொண்டார்கள். வசந்தாமணி நிற்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

மண்ணைத் தள்ளி மூடிய பிறகு, வெட்டிக் கிடந்த வேலிக்காத்தான் கிளைகளை மாதையன் இழுத்து வந்தார். நாயும் நரியும் பறிக்காமலிருக்கப் புதுக்குழியின் மேல் முள் போட்டாக வேண்டும்.

"வேற முள்ளு இல்லீங்களாண்ணா?"

"ஏது அம்மிணி? ஒடமரம் எல்லாம் இதுக்கடியில பட்டுப்போயி எத்தன நாளாச்சு."

கிளை முழுக்க மஞ்சளாகப் பழுத்த காய்கள் தொங்கின.

"செத்த நேரம் இருங்க" என்று வசந்தாமணி கிளையை வாங்கி மடியில் சாய்த்தாள். ஒவ்வொரு காயாகப் பறித்து முந்தானையில் போட்டாள். விரலில் முள் ஏறியது.

"ஊட்டுக்குப் போயித் தலைக்குத் தண்ணி வாக்கோணும் அம்மிணி" என்றார் சின்னண்ணன். அவள் நிமிரவில்லை.

அவர் தோள் துண்டைத் தரையில் விரித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த கிளையை இழுத்தார்.